இடது கண்ணின் சிவப்பு

வலி இருந்தால் வலிக்கிற இடத்தில் கையை வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே வலிக்காத உடம்புக்கு ஒரு நோயின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் கையை எங்கே வைப்பது? தஞ்சாவூரிலிருந்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்சவல்லி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

நாற்பது வயது அவளுக்கு. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். கணவன் வீரையன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே மகள் குந்தவை கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீடு, மாடு, வாய்க்காலை ஒட்டிய வயல் எல்லாம் அம்சவல்லி பொறுப்பு. பக்கத்து வீட்டில் வீரையனின் அக்கா தர்மாம்பாள் இருக்கிறாள். கணவன் போனபிறகு தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தவள். அம்சவல்லிக்கு நாத்தனார், துணை, சில நாள் தலைவலி, எல்லாம் அவள்தான்.

ஆனி மாதக் குறுவை நடவில்தான் இது தொடங்கியது. அவர்கள் வயல் பள்ளக்கட்டு. மிஷின் இறங்கினால் புதையும். அதனால் இன்னமும் கைநடவுதான். நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தவள் வழுக்கி, வாய்க்கால் மதகுக் கட்டையில் பின்மண்டை பட விழுந்தாள். எழுந்து சேற்றைக் கழுவிக்கொண்டு நடவைத் தொடரத்தான் போனாள். ஒரு தடவை வாந்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டாள் தர்மாம்பாள்.

"கெளம்பு ஆஸ்பத்திரிக்கு. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத்தான் எங்க வீட்டுக்காரரும் படுத்தாரு."

"அவருக்கு அடிபட்டது முழங்கால்ல அண்ணி."

"எங்க பட்டா என்ன? போயிட்டாருல்ல?"

இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டு அம்சவல்லி கிளம்பினாள்.

தஞ்சாவூரில் முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஏதோ சந்தேகப்பட்டு, குழாய் மாதிரியான மிஷினுக்குள் படுக்கவைத்து இன்னொன்று எடுத்தார்கள். காதுக்குள் தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டுகிற மாதிரிச் சத்தம். அவள் கண்ணை மூடி மாரியம்மனை நினைத்துக்கொண்டு கிடந்தாள். வெளியே வந்ததும் நல்ல செய்திதான் சொன்னார்கள். விழுந்ததால் தலைக்குள் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் விழுந்ததற்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று அதில் தெரிகிறது. நரம்பு டாக்டரைப் பாருங்கள்.

நரம்பு டாக்டர் வித்யாலக்ஷ்மி ஐம்பதை நெருங்கியவர். நெற்றியில் சின்னக் குங்குமம். பேச்சுவாக்கில் ஊர் விசாரித்தார். அவருடைய தாத்தா காலத்தில் குடவாசல் பக்கம் நிலம் இருந்ததாம். "எனக்கு நெல்லு மூட்டையில வர்றது மட்டுந்தாம்மா தெரியும்" என்று சிரித்துக்கொண்டே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கறுப்பும் சாம்பலுமாக இருந்த மூளைக்குள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள்.

"கரண்ட் ஒயருக்கு மேல ஒரு உறை இருக்கும் பாருங்க. நரம்புக்கும் அப்படி ஒண்ணு உண்டு. நம்ம உடம்போட காவல்காரங்களே சில நேரம் அதை அசலூர் ஆளுன்னு நெனச்சுக் கடிச்சிடுவாங்க. கடிச்ச எடந்தான் இந்த வெள்ளை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு நோயில இப்படித்தான் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் செய்யலீங்களே டாக்டரம்மா. காலையிலகூட நாத்து அள்ளிப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"அதான் விஷயம். நாம தேடிப்போகல. வேற எதுக்கோ படம் எடுத்தப்ப இது தட்டுப்பட்டுது. இந்த மாதிரி தட்டுப்படறவங்கள்ல சில பேருக்குப் பின்னாடி நோய் வருது. சில பேருக்கு ஆயுசுக்கும் வர்றதில்ல. உங்களுக்கு எப்படின்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது."

பிறகு டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதாவது கைகால் மரத்துப்போய் நாள்கணக்கில் இருந்ததா? நடை தள்ளாடியதா? குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பது மாதிரி ஓடியதா? ஒரு கண்ணில் பார்வை மங்கியதா?

"இல்லீங்க" என்றாள் அம்சவல்லி. "இல்லீங்க" என்று தர்மாம்பாளும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப நான் சொல்றதை நிதானமாக் கேட்டுக்கோங்க. முந்தியெல்லாம் இப்படித் தெரிஞ்சா, நோய் வரட்டும் பார்ப்போம்னு அனுப்பிடுவோம். இப்ப, வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிச்சா வர்றது குறையலாம்னு சொல்றாங்க. ஆராய்ச்சியும் பண்ணியிருக்காங்க. ஆனா மருந்துன்னா அதுக்குன்னு தொந்தரவும் உண்டு. ஒண்ணுமே வராத உடம்புக்கு அதைக் குடுத்த மாதிரியும் ஆயிடலாம். அதனால உங்க மாதிரி ஆளுக்கு, மாத்திரையா இல்ல காத்திருந்து பாக்கறதாங்கறதை நீங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். இதே, முன்ன ஒரு தடவையாவது ஏதாவது வந்திருந்தா நான் உங்களைக் கேக்கவே மாட்டேன். இன்னைக்கே ஆரம்பிப்பேன்."

அடுத்த தடவை வரும்போது கண் நரம்புக்கு ஒரு பரிசோதனை செய்துகொண்டு வரச்சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் அம்சவல்லியைக் குடைந்தது அந்தக் கடைசிப் பேச்சுதான். ஏனென்றால் அவள் இல்லை என்று சொன்னதில் ஒன்று அவளுக்கு வந்துபோயிருந்தது.

சில வருஷங்களுக்கு முந்திய ஒரு சித்திரை. ஊரில் அம்மை போட்டிருந்தது. குந்தவைக்கும் உடம்பெல்லாம் முத்து. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தாளிப்புக் கூடாது, வெளியாள் வரக்கூடாது, வீட்டில் யாருக்கும் எதற்கும் மருந்து கூடாது. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வாரம், அம்சவல்லிக்கு இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. கண்ணை உருட்டினால் சுண்டி இழுத்தது. இரண்டொரு நாளில் அந்தக் கண்ணில் மார்கழிப் பனி இறங்கின மாதிரி மூடிக்கொண்டது. எதிரே நிற்கிற தர்மாம்பாள் புகைக்குள் நிற்கிற மாதிரித் தெரிந்தாள்.

"அம்மையோட சூடு கண்ணுல எறங்கிடுச்சு" என்றாள் தர்மாம்பாள். அதைச் சந்தேகப்பட அங்கே யாரும் இல்லை. டாக்டர் என்ற பேச்சே எழவில்லை. இளநீர், நீர்மோர், வேப்பிலை. அம்சவல்லி புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்து, தஞ்சாவூர் ராஜா வீட்டுப் பெண்ணுக்குக் கண் கொடுத்த தாயே எனக்கும் கொடு, வெள்ளியில் கண்மலர் கொண்டுவந்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வைகாசி முடிவதற்குள் பனி விலகிவிட்டது. அவளும் சொன்னபடி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அதோடு கணக்கு தீர்ந்தது. அம்மா எடுத்துக்கொண்டதைப் பற்றி மறுபடி வாய் திறக்கக் கூடாது என்பது அவள் தாய்வீட்டு வழக்கம். பேசினால் திரும்பக் கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் டாக்டர் கேட்டபோது வாய் தன்னால் "இல்லீங்க" என்றது. அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. அதை அவள் நோயின் கணக்கில் வைத்ததே இல்லை. அம்மாவின் கணக்கில் வைத்திருந்தாள். தர்மாம்பாளும் அப்படித்தான்.

ஆனால் இப்போது அந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு வேண்டியிருக்கிறது. சொன்னால் மாத்திரை. சொல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கலாம். சொன்னால் அம்மா கொடுத்ததை நோய் என்று சொன்ன பாவம். சொல்லாவிட்டால்?

சாயங்காலம் வீரையன் போனில் முகம் காட்டினான். வேலை முடிந்து வந்த அழுக்குச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"மூளையில வெள்ளையா? அட, உள்ள மூளை இருக்குன்னு சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாங்களா?"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல அம்சு." உண்மையிலேயே அவன் சிரிக்கவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "மாத்திரைய வாங்கிச் சாப்புடு. செலவப் பத்தி யோசிக்காத."

மறுநாள் போன் செய்து வேறு மாதிரிப் பேசினான். "ரூமுல ஒருத்தன் சொல்றான், ஒண்ணுமில்லாத ஒடம்புக்கு மருந்து குடுத்தா ஒண்ணு வந்துடுமாம். அவசரப்படாத."

அதற்கு மறுநாள், "டாக்டரு என்ன சொல்றாங்களோ அதச் செய்யி."

"அவங்க என்னைக் கேக்கறாங்க. நீங்க டாக்டரைக் கேக்கச் சொல்றீங்க. நான் யாரத்தான் கேக்கறது?" என்றாள் அம்சவல்லி.

மகளிடம் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. குந்தவை அதைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அம்மா, வீல்சேர்னு போட்டிருக்கும்மா." அம்சவல்லி மாட்டுக்குத் தவிடு கரைத்த கையோடு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அது வேற ஆளுங்களுக்குடி. நான் இப்பத்தான் களத்துமேட்டு வரைக்கும் நடந்துட்டு வந்தேன். நீ போய்ச் சாப்புடு" என்று தேற்றினாள். தேற்றி முடித்தபோது உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. நடவு நாளில்கூட இத்தனை ஓய்ச்சல் வந்ததில்லை. உடனே ஒரு பயம் வந்தது. இந்த ஓய்ச்சல் வேலையால் வந்ததா, வெள்ளைப் பொட்டால் வந்ததா? இனிமேல் கால் மரத்தால், கை நடுங்கினால், ஒரு சொல் மறந்தால், எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நோய் வருகிறதோ இல்லையோ, கேள்வி வந்து குடியேறிவிட்டது.

தர்மாம்பாளுக்கு மட்டும் குழப்பமே இல்லை. "ஞாயித்துக்கெழம புன்னைநல்லூர் போறோம். வெல்லம் வாங்கி வச்சிட்டேன்."

"எதுக்கு அண்ணி வெல்லம்?"

"மரு, கட்டின்னா வெல்லக் குளத்துல வெல்லம் போடறோம்ல? தண்ணியில வெல்லம் கரையற மாதிரி அதுவும் கரைஞ்சுடுதுல்ல? இந்தப் பொட்டும் கரைஞ்சுட்டுப் போவுது."

"இது மண்டைக்குள்ள இருக்கே."

"ஏண்டி, அவளுக்கு மண்டை ஓடு மறைக்குமா?"

கோயிலில் நல்ல கூட்டம். குளத்தங்கரையில் நின்று அம்சவல்லி வெல்லத்தைத் தண்ணீரில் விட்டாள். தர்மாம்பாள் அவள் தலையை ஒரு முறை சுற்றித் தன் பங்குக்கும் ஒரு கட்டி போட்டாள். "நல்லா உள்ளாற வரைக்கும் பாத்துக்க தாயி" என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. எதிரே சன்னதியில் அம்மன் சிவப்புப் பட்டில் இருந்தாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்சவல்லிக்குக் கைகூட எழவில்லை. அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. வீரையனுக்கும் தெரியாது. தர்மாம்பாளுக்கும் தெரியாது.

கண்மலர் வைக்க வந்த அன்று, இதே இடத்தில், சந்தோஷத்தில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் அம்மனைப் பார்த்தாள். தெரிந்தது. முகம் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது, மாலை தெரிந்தது. ஆனால் பட்டின் சிவப்பு மட்டும் பலமுறை துவைத்த சேலை மாதிரி வெளுத்திருந்தது. கையை எடுத்தால் நல்ல சிவப்பு. மறுபடி பொத்தினால் சாயம் போன சிவப்பு. அப்போதே அவள் கையை இறக்கிக்கொண்டாள். கொடுத்த தாயிடம் போய், அளவு குறைந்திருக்கிறது என்று சொல்வார்களா? அன்றிலிருந்து ஒற்றைக் கண்ணால் எதையும் பார்க்காமல் பழகிக்கொண்டாள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாழ்க்கை ஓடியது.

இப்போது சன்னதிக்கு முன்னால் நின்று, "சொல்லட்டுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். விபூதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆடி பிறந்ததும் மறுபடி தஞ்சாவூர். கண் நரம்புப் பரிசோதனைக்கு ஒரு இருட்டறையில் உட்காரவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, சதுரங்கக் கட்டம் மாதிரிக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் துடிக்கிற திரையைப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் ஒரு கண், பிறகு மறு கண். அவள் பேசாமல் பார்த்தாள். மிஷினிடம் மறைக்கிற வித்தை அவளுக்குத் தெரியாது.

அந்தத் தாளோடு போய் வித்யாலக்ஷ்மி டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"வலது கண்ணு நல்லா இருக்கு. இடது கண்லேர்ந்து மட்டும் சேதி மூளைக்கு மெதுவாப் போய்ச் சேருது" என்றார் டாக்டர். "இதை வச்சு மட்டும் நான் எதையும் சொல்லிட முடியாது. அதான் இன்னொரு தடவை கேக்கறேன்." மேஜையில் இருந்த மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஒவ்வொரு கண்ணா மூடிக்கிட்டு இதைப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே சிவப்பாத் தெரியுதா?"

"ஒரு மூடிதானே டாக்டரம்மா, ரெண்டு செவப்பாவா தெரியும்?" என்றாள் தர்மாம்பாள்.

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா. அவங்க சொல்லட்டும்."

அம்சவல்லி இடது கண்ணை மூடிப் பார்த்தாள். பழுத்த மிளகாய்ச் சிவப்பு. வலது கண்ணைப் பொத்தினாள். இத்தனை வருஷமாகப் பார்க்காமல் தள்ளி வைத்திருந்ததை வேண்டுமென்றே பார்த்தாள். வெளுத்துத்தான் இருந்தது. அன்றைக்கு இருந்ததைவிடவும் வெளுத்திருக்கிறதோ என்றுகூட இருந்தது. அப்படியே பொத்திய கையோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. மூடியைப் பிடித்த கையையும் இறக்கவில்லை.

ஒரே மாதிரி இருக்குங்க என்று சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அன்றைக்கு வாய் தன்னால் இல்லை என்றது வேறு. கண்ணுக்கு நேரே காட்டி ஒருத்தர் கேட்கும்போது இல்லை என்பது வேறு. அம்மா கொடுத்த கண்ணால் பார்த்துக்கொண்டே பொய் சொல்வதா?

"இந்தக் கண்ணுல சாயம் போயிருக்குங்க" என்றாள்.

"எப்பலேர்ந்துடி?" தர்மாம்பாள் நாற்காலியோடு திரும்பிவிட்டாள்.

"கண்ணு வந்த நாள்லேர்ந்து."

"அது அம்மா குடுத்த கண்ணுடி!"

"அம்மா குடுத்ததுதான் அண்ணி. நான் இல்லேன்னா சொன்னேன்? கொறைச்சலான்னு அவங்க கேக்கறாங்க. கொறைச்சல்தான்." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சித்திரை, அம்மை, கண்ணுக்குப் பின்னால் வலி, பனி, வேண்டுதல். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் மூடியைப் புட்டியில் திருகி வைத்தார்.

"இது சும்மா தட்டுப்பட்டதில்லம்மா. நோய் ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்கு. அப்ப யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல, அவ்வளவுதான். இந்த நோயில முதல் தடவை மங்கின பார்வை பெரும்பாலும் திரும்பிடும். மருந்து இல்லாமலேயே திரும்பிடும்."

தர்மாம்பாள் விரலில் விரலைக் கோத்துப் பிரித்தாள்.

"அப்ப அது எங்க அம்மா குடுத்தது இல்லீங்களா?" என்று அம்சவல்லி கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதைச் சொல்ற படிப்பு நான் படிக்கலம்மா. பார்வை வந்துச்சு, அது நிஜம். முழுசா வரல, அதுவும் நிஜம். அடுத்த தடவை வேற எங்கயாவது கடிச்சா இவ்வளவு திரும்புமான்னு எனக்குத் தெரியாது. கண்ணாவும் இருக்கலாம், காலாவும் இருக்கலாம். அந்த அடுத்த தடவை வராம இருக்கத்தான் இப்பவே மருந்துங்கறேன். காலை ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. வெறும் வயித்துல போடாதீங்க. மொதல்ல மூஞ்சி செவந்து சூடாப் பொங்கும், பயப்படாதீங்க, தணிஞ்சிடும். வயித்தையும் கொஞ்சம் படுத்தும். அப்பப்ப ரத்தம் பாக்கணும்."

"சாப்புட்டா வரவே வராதுங்களா?"

"கொறையும். வரவே வராதுன்னு நான் சொன்னா அது பொய்."

"எத்தனை நாளைக்குங்க?"

"நாள்னு சொல்ல மாட்டேம்மா. வருஷக்கணக்குதான்."

அம்சவல்லி தலையை ஆட்டினாள். பொய் சொல்லாத டாக்டரிடம் வாதாட என்ன இருக்கிறது?

திரும்பும் பஸ்ஸில் தர்மாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே நடவு முடிந்த வயல்கள் பச்சை கட்டிக் கிடந்தன. ஆற்றுப்பாலம் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு ரகசியம் மாதிரிக் கேட்டாள்.

"ஏண்டி, இத்தன வருஷம் எங்கிட்டகூடச் சொல்லலையே?"

"ஒங்ககிட்ட சொன்னா ஊருக்கே மைக் கட்டிச் சொன்ன மாதிரி. அம்மா காதுல விழாதா?"

"அது சரி." தர்மாம்பாள் கோபித்துக்கொள்ளவில்லை. "அவளுக்குக் கோவம் வந்துடாதே? குடுத்ததக் கொற சொல்லிட்டோம்."

அம்சவல்லிக்கும் அந்தப் பயம் நெஞ்சில்தான் இருந்தது. ஆனால் அதையும் தூக்கிக்கொண்டு நடக்க அவளிடம் தெம்பு இல்லை. "வரட்டும் அண்ணி. பெத்தவளுக்குக் கோவம் வந்தா ரெண்டு சாத்து சாத்துவா. சோறு போடாம விட்டுடுவாளா?"

தர்மாம்பாள் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். "போடுவா, போடுவா" என்றாள்.

வீரையனிடம் அன்றைக்கே சொன்னாள். இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை. "கண்ணு மங்குனது தெரியும். கொறைச்சலா இருந்தது எனக்குத் தெரியவே தெரியாதே" என்று மட்டும் சொன்னான். லீவு கிடைத்தால் தீபாவளிக்கு வருவதாகச் சொன்னான். கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாத்திரையை முதல் தடவை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போட்டாள். மருந்துக்கு என்னவென்று வேண்டுவது என்று தெரியவில்லை. குணமாக்கு என்று கேட்க இப்போது ஒரு நோவும் இல்லை. இப்படியே வை என்றுதான் கேட்க முடியும். இப்படியும் ஒரு வரம் கேட்பார்களா? வயல் அப்படியே இருக்கட்டும், வெள்ளம் வராமல் இருக்கட்டும் என்று ஐப்பசியில் கேட்கிறோமே, அது மாதிரி இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் வயிறு அவளைப் பாடாய்ப்படுத்தியது. மாட்டுக்கொட்டகையில் பாதி வேலையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஆனால் சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாது. நோய் இருந்த நாளில்கூட நான் இப்படிக் கிடந்ததில்லையே என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். தர்மாம்பாள் புளிக்காத மோரில் சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து, முழுங்கு முழுங்கு என்று காவல் காத்தாள். நிறுத்திவிடலாமா என்று தினமும் ஒரு தடவை தோன்றும். தோன்றும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மூடி நினைவுக்கு வரும். பேசாமல் அடுத்ததைப் போட்டுக்கொள்வாள்.

பதினெட்டாம் பெருக்கு முடிந்த வாரம் வயலில் களையெடுப்பு. பெண்கள் வரிசை கட்டிக் குனிந்திருந்தார்கள். அம்சவல்லி வரப்பில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து காது வரைக்கும் சூடு ஏறியது. முகம் கனன்றது. பக்கத்து முனையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணன் மஸ்கட்டுலேர்ந்து வந்துட்டாரா? மொகம் இந்தப் போடு போடுது?"

வயலே சிரித்தது. "வந்திருந்தா அவ ஏண்டி களையெடுக்க வர்றா?" என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. அம்சவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாத்திரடி. போட்டா இப்படித்தான் பொங்கும். செத்த நேரத்துல தணிஞ்சிடும்."

"என்ன நோவுக்கு?"

"நோவு இல்ல. மறுபடி வராம இருக்கறதுக்கு."

"வராம இருக்குன்னு எப்படிக்கா தெரியும்?"

அம்சவல்லி முகத்தை முழங்கையால் துடைக்கப் பார்த்து, அங்கேயும் சேறு இருந்ததால் விட்டுவிட்டாள். "தெரியாது. வந்தாத்தான் தெரியும்."

"இது என்ன வைத்தியமோ" என்று காத்தாயி குனிந்துகொண்டாள்.

முகத்தில் சூடு இன்னும் இறங்கவில்லை. வரிசை ஒரு எட்டு முன்னால் போயிருந்தது. அம்சவல்லி வாய்க்கால் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளும் குனிந்து, விட்ட இடத்திலிருந்து பிடுங்கத் தொடங்கினாள்.